தென் துருவத்தில் தொழுகை வேளை

தென் துருவத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,835 மீட்டர் உயரத்தில், அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையம் அமைந்துள்ளது. 1957 முதல் அங்கே ஆண்டு முழுவதும் மனிதர் வாழ்கின்றனர். ஞாயிறு அங்கே செப்டம்பர் பிற்பகுதியில் எழுந்து மார்ச் பிற்பகுதியில் மறைகிறது. ஆண்டிற்கு ஓர் உதயம், ஓர் அஸ்தமனம்.

ஞாயிற்றைக் கொண்டே வக்துகளை அறியும் முஸ்லிம் ஒருவர் அங்கே பணிபுரிய நேர்ந்தால், ஆண்டிற்கு ஐந்து தொழுகைகள் போதுமா?

இவ்வினா புதிதன்று. தஜ்ஜாலுடைய நாள்களுள் ஒன்று ஓராண்டைப் போன்றிருக்கும் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அன்று ஒரு நாளின் தொழுகை போதுமா எனத் தோழர்கள் வினவினர். போதாது, அளவிட்டுக் கணித்துக்கொள்ள வேண்டும் என்பதே நபியவர்களின் விடையின் கருத்து. ஸஹீஹ் முஸ்லிமில் நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது பதிவாகியுள்ளது.

பின்னர் வோல்கா நதிக்கரையின் பல்கார் நாடு ஃபுகஹாக்களின் ஆய்வுக்குரியதாயிற்று. கி.பி. 922இல் அங்குச் சென்ற இப்னு ஃபள்லான், கோடை இரவின் குறுமையை வியந்து எழுதினார். இஷாவின் வக்தே வராத இரவில் அத்தொழுகை கடமையா? கையிழந்தவருக்கு உளூவில் கை கழுவும் கடமை நீங்குவது போல இதுவும் நீங்கும் என்றார் ஹனஃபி அறிஞர் பக்காலி. இமாம் இப்னுல் ஹுமாம் இதனை மறுத்தார். கை, கடமை நிறைவேறும் இடம். வக்தோ கடமையைக் காட்டும் அடையாளம். அடையாளம் மறைவதால் கடமை மறையாது என்பது அவர் வாதம். ஷாஃபிஈ அறிஞர்கள் அண்மையிலுள்ள ஊரின் வக்தைக் கொண்டு கணிக்கச் சொன்னார்கள்.

கிப்லா எது? துருவத்தில் எத்திசையும் வடக்கே. ஆயினும் மக்கா கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 40 பாகையில் உள்ளது. கிரீன்விச் ரேகையை நோக்கி நின்று, வலப்புறம் 40 பாகை திரும்பினால் முகம் கஅபாவை நோக்கும்.

கணிப்பு என்பது மார்க்கத்தைத் தளர்த்துவதாகாதா எனச் சிலர் ஐயுறலாம். அந்நிலையத்தாரே கணிப்பில்தான் வாழ்கின்றனர். அவர்களுக்குரிய பொருள்கள் நியூசிலாந்து வழியாக வருவதால், அந்நாட்டுக் கடிகாரத்தைக் கொண்டே உண்கின்றனர், உறங்குகின்றனர். இரவும் பகலும் உள்ள ஊரின் நேரத்தை வயிற்றுக்காகவும் உறக்கத்திற்காகவும் கடன் பெறுவது முறையெனில், தொழுகைக்காகப் பெறுவது எங்ஙனம் குறையாகும்? ஞாயிறு வேளையை அறிவிக்கிறது. கடமையாக்கியவன் ஞாயிற்றைப் படைத்தவன். இதுவே நாம் இங்கு உணர வேண்டியது.