தட்டாமாலையும் கொண்டை ஊசி வளைவும்

உடல் நகர்கிறதா, நிற்கிறதா என்பது மூளைக்கு நேரடியாகத் தெரியாது. கண், உட்காது, தசை, மூட்டு ஆகியவை அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் அது முடிவுக்கு வருகிறது.

உட்காதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது குழாய் உடனே திரும்பும்; உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். அதில் நுண்மயிர்கள் வளைய, நரம்பு வழியே செய்தி போகிறது. தட்டாமாலை சுற்றும் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே சோதித்துவிடுகிறார்கள். ஒரே வேகத்தில் சுற்றச் சுற்றத் திரவமும் குழாயின் வேகத்தை எட்டிவிடும். சட்டென்று நின்றால் உடல் நிற்கும், திரவம் நிற்காது. எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் செய்தி வர, வாசலும் வேப்பமரமும் கிறுகிறுக்கின்றன.

நேர்க்கோட்டு அசைவுக்கு வேறு இரண்டு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். வேகம் மாறுவதையும் தலை சாய்வதையும் இவை சொல்லும், சீரான வேகத்தைச் சொல்லாது. மடத்துக்குளத்திலிருந்து உடுமலைக்குப் போகும் பேருந்தில் கண்ணை மூடியிருப்பவருக்கு பிரேக் பிடித்தால் தெரியும். சீராக ஓடும்போது குலுக்கலும் இரைச்சலும்தான் அடையாளம்.

அந்தக் குறையைக் கண் நிரப்புகிறது. சில வேளை ஏமாற்றவும் செய்கிறது. திருப்பூர் ரயில் நிலையத்தில் பக்கத்து வண்டி கிளம்பினால், நிற்கும் வண்டியே நகர்வதாகத் தோன்றும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1875இலேயே இந்த மயக்கத்தை விவரித்திருக்கிறார்.

செய்திகள் முரண்பட்டால் குமட்டல். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் செல்போனைப் பார்ப்பவரின் கண் ‘அசைவில்லை’ என்கிறது, காது மறுக்கிறது. ஓட்டுநருக்கு இந்தத் தொல்லை அரிது; வண்டியைத் திருப்புவதே அவர் என்பதால், அடுத்த திருப்பம் அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். பயணிக்கு, எலுமிச்சம்பழத்தை முகர்வதைவிடத் தூரத்துச் சாலையைப் பார்ப்பது மேல்.

விண்வெளியில் எடையின்மையால் காதுத் துகள்கள் மேல், கீழ் சொல்வதில்லை; அங்கேயும் குமட்டல் வரும். 1984இல் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா யோகாசனம் செய்தது, எடையின்மையின் விளைவுகளைச் சமாளிக்க அது உதவுமா என்று பார்க்கத்தான்.

நகர்வதை அறிந்தால் போதாது, இருக்குமிடமும் தெரிய வேண்டும். குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை எலி மூளையின் ஹிப்போகேம்பஸில் ஜான் ஓ'கீஃப் 1971இல் அறிவித்தார். அறுகோண ஒழுங்கில் இடத்தை அளக்கும் செல்களை மே-பிரிட், எட்வர்ட் மோசர் தம்பதி 2005இல் கண்டனர். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. கரண்ட் போன இரவில், எடுத்துவைத்த அடிகளையும் திரும்பிய திசைகளையும் கூட்டிக் கூட்டி, தீப்பெட்டி இருக்கும் மாடம் வரை ஆளைக் கொண்டுசேர்ப்பதில் இத்தகைய செல்களுக்குப் பங்குண்டு.