விடை சரிதான்... விளக்கம்?

பின்னக் கணக்கில் பிள்ளைகள் சரியான விடை போட்டுவிட்டால், புரிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாகி விடுகிறோம். எதற்கும் ஒருமுறை, "ஏன் இந்த விடை? ரெண்டு வரி எழுது" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆறாவது படிக்கும் என் மகள் 6 ÷ 1/2 = 12 என்று டக்கென்று போட்டாள். காரணம் எழுதச் சொன்னதும், "தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்" என்று எழுதினாள். "வகுத்தால் குறையணுமே, எப்படிம்மா கூடுச்சு?" என்றதும் முழித்தாள். 6 லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றச் சொன்னேன். "6-க்குள் எத்தனை அரை இருக்கிறது என்று பார்க்கிறோம், ஒரு லிட்டருக்கு 2 பாட்டில், 6 லிட்டருக்கு 12" என்று அவளே எழுதிவிட்டாள்!

1/2 + 1/3 = 2/5 என்று போடும் பிள்ளையைத் திட்டாதீர்கள். 2/5 என்பது அரையை விடப் பெரிசா, சின்னதா என்று எழுதச் சொல்லுங்கள். அரையோடு இன்னும் சேர்த்த பிறகு எப்படிக் குறையும் என்று அதற்கே உறைக்கும். பெருக்கலுக்கு நம் தமிழே கைகொடுக்கும். காலில் பாதி அரைக்கால்; அதாவது 1/2 × 1/4 = 1/8.

ஆசிரியர்களும் தேர்வில் ஒரு கேள்விக்காவது விளக்கம் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தரலாமே! விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, பெரிய வகுப்பில் இயற்கணிதத்தில் பின்னம் வந்ததும் திணறிப்போய், "எனக்குக் கணக்கே வராது" என்று ஒதுங்கிவிடும். அதிலும் பெண் பிள்ளைகள் அப்படி ஒதுங்க நாம் விடலாமா?