கை நடுக்கம், தசைப்பிடிப்பு... தாய்மாமனுக்கும் இருந்ததா? கென்னடி நோய் என்றால் என்ன?

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் 40 வயது ஆண். கை நடுங்குது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, படி ஏறினா தொடை தளருது. ஆம்பூர், ராணிப்பேட்டை, கலவை பக்கம் இதைச் சொன்னால், "வேலை அதிகம்பா, சுகரா இருக்கும்" என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தாடை, நாக்குத் தசைகள் துடிப்பதும், மார்பு வீங்குவதும் சேர்ந்தால், "தாய்மாமனுக்கும் இப்படி இருந்ததா?" என்று கேட்பது முக்கியம்.

கோளாறு எங்கே?

1968-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் கென்னடி விவரித்த பரம்பரை நோய் இது. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில்தான் கோளாறு என்பது 1991-ல் தெரியவந்தது. அந்த மரபணுவில் 'சிஏஜி' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பொதுவாக 34 முறைக்குள் இருக்கும். 38 அல்லது அதற்கு மேல் போனால் நோய். நீண்டுபோன புரதம் ஹார்மோனோடு சேர்ந்து, தசையை இயக்கும் நரம்பு செல்களை மெல்ல மெல்ல அழிக்கும்.

மகனுக்கு வருமா?

அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. ஆனால் மகள்கள் எல்லோருக்கும் அந்த மரபணு போகும். பெண்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவு என்பதால் பெரிய பாதிப்பு இருக்காது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டினாலும் வெளியில் கட்டினாலும் மகனுக்கான இந்தக் கணக்கு மாறாது. இதில் பெண்ணைக் குறை சொல்ல எதுவுமே இல்லை.

எப்படி கண்டுபிடிப்பது?

வேகமாக முற்றும் ஏஎல்எஸ் நோய் என இதைத் தவறாக நினைப்பதுண்டு. அப்படிச் சொன்னால் குடும்பமே உடைஞ்சு போயிடும். ஆனால் கென்னடி நோய் பல வருஷங்களாக மெதுவாகத்தான் நகரும். ரத்தத்தில் செய்யும் மரபணு பரிசோதனையே உறுதிப்படுத்திவிடும். வேலூர் சிஎம்சி-யில் நரம்பியல், மரபியல் துறைகள் உள்ளன.

சிகிச்சை உண்டா?

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆண் ஹார்மோனைக் குறைக்கும் லியூப்ரோரெலின் ஊசிக்கு 2017-ல் ஜப்பான் அனுமதி தந்தது. பிசியோதெரபி உதவும். சாப்பிடும்போது புரையேறினால் அலட்சியம் வேண்டாம், உணவு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடம்பு தளருதேன்னு டாக்டரைக் கேட்காமல் ஆண் ஹார்மோன் ஊசி போடாதீங்க.