அப்பாவைத் துரத்திய கேமரா!

உங்கள் அப்பாவோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசினீர்கள்? ‘கரன்ட் பில் கட்டியாச்சா?’, ‘முட்டிவலி தேவலையா?’ இதெல்லாம் கணக்கில் சேராது!

யோசிக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒரு பெண்ணும் இப்படித்தான் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ‘சரி, இது வேலைக்காகாது’ என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண், அயானா எலியட். அப்பா, ராம்ப்ளின் ஜாக் எலியட். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களில் பெரிய கை. மகள் எடுத்த ‘தி பேலட் ஆஃப் ராம்ப்ளின் ஜாக்’ என்கிற டாக்குமென்டரி 2000-ஆம் வருடம் வெளிவந்தது.

டாக்குமென்டரி என்றதும் கொட்டாவி விடாதீர்கள். இதில் காமெடி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சென்டிமென்ட் இருக்கிறது. ஃபைட் மட்டும்தான் இல்லை. அதுகூட அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே சத்தமில்லாமல் நடக்கிறது!

டாக்டர் பெற்ற கௌபாய்

தலையில் அகலத் தொப்பி, காலில் பூட்ஸ், தோளில் கிடார். ஜாக்கைப் பார்த்தால், ஏதோ பண்ணையில் மாடு மேய்த்து வளர்ந்தவர் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வீர்கள். விசாரித்தால்... அசல் நியூயார்க் பட்டணத்துப் பிள்ளை! 1931-இல் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் எலியட் சார்லஸ் அட்னோபாஸ். அப்பா டாக்டர். பிள்ளையும் டாக்டராக வேண்டும் என்று ஆசை. (உலகம் பூராவும் டாக்டர்களால் குணப்படுத்த முடியாத வியாதி இது ஒன்றுதான்!)

பையனுக்கோ ரோடியோ பைத்தியம். முரட்டுக் குதிரை, காளை மேலெல்லாம் ஏறி, விழாமல் தாக்குப்பிடிக்கிறார்களே, அந்த விளையாட்டு. பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய் ஒரு ரோடியோ கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே குதிரைகளைப் பராமரிக்கிற வேலை. கூடவே, பாட்டுப் பாடி வாத்தியம் வாசிக்கிற கோமாளி ஒருவரின் சகவாசம். சுமார் மூன்று மாசத்தில் பெற்றோர் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஆள் வீடு திரும்பினார். மனசு திரும்பவில்லை. கிடாரைத் தானாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

1951-இல் குருநாதர் கிடைத்தார். ஏழைகளின் பாட்டுக்காரர் வூடி கத்ரி. ஜாக் அவர் வீட்டிலேயே தங்கி, பாட்டு, கிடார் வாசிப்பு, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் அப்படியே பிடித்துக்கொண்டார். ‘என்னைவிட இவன்தான் என்னை மாதிரி இருக்கான்’ என்று வூடியே கிண்டலடிப்பாராம்.

அப்பாவைக் கொடுத்தவர்

அந்த வூடியை ஹன்டிங்டன் என்கிற நரம்பு நோய் தாக்கியது. கை, கால், பேச்சு என்று ஒவ்வொன்றாகப் பறிக்கிற கொடுமையான பரம்பரை வியாதி. வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து, 1967-இல் இறந்துபோனார்.

அவர் மகன் ஆர்லோ கத்ரியும் பாடகர்தான். அப்பா நன்றாக இருந்த காலத்தில் ஆர்லோ சின்னப் பையன். விவரம் தெரிந்தபோது அப்பாவால் கிடாரைத் தொட முடியவில்லை. அப்புறம் அப்பாவின் பாணியை யாரிடம் கற்றுக்கொண்டார்? ஜாக்கிடம்தான்! இதை ஆர்லோவே சொல்லியிருக்கிறார்.

1961-இல் வூடியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன ஜாக், அங்கே இன்னொரு இளைஞனைச் சந்தித்தார். அவர்தான் பாப் டிலன். பிற்காலத்தில் நோபல் பரிசு (2016) வாங்கினாரே, அவரேதான். ஆரம்ப நாட்களில் டிலன் பாடியதைக் கேட்டவர்கள், ‘அட, இது ஜாக் எலியட் ஸ்டைலாச்சே!’ என்றார்கள். டிலன் உலகப் புகழ் அடைந்தார். ஜாக் வழக்கம்போல் அடுத்த ஊருக்குப் போனார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்லோவுக்கு அவருடைய அப்பாவைத் திருப்பிக் கொடுத்தவர் ஜாக். டிலனுக்கு வழிகாட்டியவர் ஜாக். ஆனால் சொந்த மகளுக்கு? அயானாவை வளர்த்தது அம்மாதான். அப்பாவுக்கு மொத்தம் ஐந்து கல்யாணம். நிரந்தர விலாசம் நெடுஞ்சாலை!

வாயாடி அப்பா

இத்தனைக்கும் ஜாக் ஊமைச்சாமியார் இல்லை. ‘ராம்ப்ளின்’ என்றால் ஊர் சுற்றி என்று நினைப்போம். அதற்கு வளவளவென்று பேசுகிறவர் என்றும் அர்த்தம் உண்டு. பாடகி ஓடெட்டாவின் அம்மா, ஜாக்கின் பேச்சில் மலைத்துப்போய்ச் சொன்ன வார்த்தையே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டதாம். ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்து, லாரி, குதிரை, கப்பல் என்று கிளைக்கதைகளில் புகுந்தால், பாட்டு பாவம், ஓரமாக நின்று காத்திருக்கும்!

ஊருக்கெல்லாம் பேசுகிற அந்த மனிதர் மகளோடு மட்டும் பேசுவதில்லை. இதுதான் படத்தின் முடிச்சு. அயானா கேமராவோடு அப்பாவுடனேயே ஊர் ஊராகப் போகிறார். எங்கே போனாலும் ரசிகர்கள், பழைய சிநேகிதர்கள், ஏதாவது ஒரு கதை. தனியாகக் கொஞ்ச நேரம் கிடைக்காதா என்று மகள் வெளிப்படையாகவே கேட்கிறார். அப்பா வெண்ணெயாய் நழுவுகிறார். அவருக்குக் கேட்கப் பிடிக்காத கேள்வி வருகிறது என்று தெரிந்தால் பேச்சு வேறு திசையில் ஓடிவிடும்.

படத்துக்கு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அயானா தேடிப்போன அந்த ஒரு பேச்சு மட்டும் கிடைக்கவில்லை.

ஆனால் படத்தில் கோபம் இல்லை. ‘இப்படிப்பட்ட அப்பா’ என்று பஞ்சாயத்து வைக்காமல், ‘அப்பா இப்படி’ என்று காட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறார் மகள். டாக்டர் அப்பாவிடமிருந்து ஓடிய பையன், அதற்குப் பிறகு நிற்கவே கற்றுக்கொள்ளவில்லை என்பது நமக்கே புரிகிறது. திட்டவும் மனசு வரவில்லை, மன்னிக்கவும் அவசரம் இல்லை.

ஜாக்குக்கு 1998-இல் தேசியக் கலைப் பதக்கத்தை ஜனாதிபதி கிளின்டன் அளித்தார். இரண்டு முறை கிராமி விருதும் வாங்கினார், இரண்டாவது 2010-இல், எழுபத்தெட்டு வயதில்! தொண்ணூறு தாண்டியும் தொப்பியோடு மேடை ஏறினார்.

அயானாவுக்குக் கேமராவும் சில வருஷங்களும் செலவாயின. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

‘என்னடா, பணம் ஏதாவது வேணுமா?’ என்றுதான் முதலில் கேட்பார். பயப்படாதீர்கள், அங்கேயிருந்துதான் எல்லாப் பேச்சும் ஆரம்பிக்கும்!