சாலை விபத்தும் நஷ்ட ஈடும்: சட்டம் காட்டும் வழிகள்

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே சுமார் 118 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவு நெடுஞ்சாலை 2023 மார்ச் 12 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் விபத்துகள் நேர்ந்து வந்தமையால், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளும் டிராக்டர்களும் பிரதான பாதையில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. நல்ல சாலையின் பயனைச் சமுதாயம் முழுவதும் துய்க்கிறது. விபத்தின் சுமையையோ ஒரு குடும்பம் தனியே தாங்க நேரிடுகிறது. அச்சுமையைப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடே கட்டாய இன்சூரன்சும் நஷ்ட ஈட்டுச் சட்டமும் ஆகும்.

முதற் கடமைகள்

காயமுற்றவருக்கு முதலில் வேண்டியது சிகிச்சை. 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ரூ. 1.5 லட்சத்துக்கு உட்பட்டு, பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள், வருமானச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

மூன்று வழிகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. நஷ்ட ஈடு பற்றிய அதன் புதிய விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

முதலாவதாக, 164ஆம் பிரிவின்படி யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 லட்சமும், மரணத்துக்கு ரூ. 5 லட்சமும் பெறலாம். இரண்டாவதாக, ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்து, உண்மையான இழப்பு முழுவதையும் 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் கோரலாம். மூன்றாவதாக, மோதிய வண்டி இன்னதென்று தெரியாவிடில், கொடுங்காயத்துக்கு ரூ. 50,000, மரணத்துக்கு ரூ. 2 லட்சம் வழங்கத் தனித் திட்டம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 164ஆம் பிரிவின் தொகையைச் சமரச முறையில் ஏற்றுக் கொண்டால், 166ஆம் பிரிவின் மனு காலாவதியாகிவிடும். ஆகவே, கையொப்பமிடும் முன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கிடும் முறை

மைசூரில் ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்யும் 34 வயதுக் கைவினைஞர் ஒருவரின் மாத வருமானம் ரூ. 15,000 என்று கொள்வோம். விபத்தில் அவருடைய விரல்கள் சேதமுற்றன. மருத்துவர் 20 சதவீத ஊனம் என்று சான்றளிக்கிறார். அலுவலக எழுத்தருக்கு அதே காயத்தால் சம்பளம் குறையாமற் போகலாம். கைவினைஞருக்கோ பிழைப்பே குன்றும். உடல் ஊனத்தின் அளவும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது.

திறன் இழப்பு 40 சதவீதம் என்று தீர்ப்பாயம் கருதினால் ஆண்டு இழப்பு ரூ. 72,000. சரளா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. எனவே வருமான இழப்பு மட்டுமே ரூ. 11,52,000 ஆகிறது. சிகிச்சைச் செலவும், வலிக்கும் வேதனைக்குமான தொகையும், எதிர்கால வருமான உயர்வும் இதன்மேல் சேரும்.

எங்கே, எப்போது?

விபத்து மண்டியாவில் நடந்திருப்பினும், மைசூரில் வசிப்பவர் மைசூர் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். திருத்தப்பட்ட சட்டம் 6 மாத வரம்பு விதிக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கப்பட்டுள்ளது என்றாலும், காலத்தே மனுச் செய்வதே பாதுகாப்பு.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நாடலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு விரைவில் முடியும். ஆனால் அங்கு ஏற்ற முடிவுக்கு மேல்முறையீடு இல்லை.

நஷ்ட ஈடு தருமமன்று. உழைக்கும் திறனை இழந்தவருக்குரிய உரிமை. அதை அறிந்து, ஆவணங்களோடு காலத்தில் கோருவோருக்கே சட்டத்தின் பயன் முழுமையாகக் கிட்டும்.