உடல்வாகு: பரம்பரையா, பழக்கமா?

பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் "மூக்கு வாப்பாவுடையது, நெற்றி உம்மும்மாவுடையது" என்று பங்கு பிரிப்பது நமது வீடுகளில் வழக்கம். அதே பிள்ளை பதினைந்து வயதில் சற்றுப் பருமனாக இருந்தால் பேச்சு இரண்டாகிவிடும். "எங்கட குடும்பத்து உடம்பே அப்படித்தான்" என்பர் சிலர். "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்பர் வேறு சிலர். முதற் பேச்சு முயற்சியைத் தடுக்கிறது. இரண்டாவது மனதைப் புண்படுத்துகிறது. இரண்டுமே முழு உண்மையல்ல.

நமது நிறையில் தசை, என்பு, நீர், கொழுப்பு யாவும் அடங்கும். தராசு அவற்றைப் பிரித்துக் காட்டாது. இந்தியாவின் புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம்மையே அளந்து, 2004 இல் அம்முடிவை வெளியிட்டனர். இருவரின் உடற்றிணிவுச் சுட்டியும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம்! தெற்காசியரிடம், மெலிந்து தோன்றுபவரிடம்கூட, கொழுப்புக் கூடுதலாக இருப்பதுண்டு. அது வயிற்றைச் சுற்றிச் சேரும்போது நீரிழிவுக்கு வழி திறக்கிறது. இதனாலேயே நமது பிராந்தியத்தின் வளர்ந்த பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டாதிருப்பது நல்லது என்கின்றனர்.

பரம்பரையலகுகளின் பங்கு என்ன? கனடாவின் கியூபெக்கில் ஒத்த இரட்டையரான 12 சோடி இளைஞர்களுக்கு, 84 நாட்கள் தேவைக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு 1000 கலோரி உணவு வழங்கப்பட்டது. 1990 இல் வெளியான முடிவின்படி, ஒருவருக்கு 4 கிலோ மட்டுமே கூடியது. இன்னொருவருக்கு 13 கிலோ கூடியது. ஆனால் ஒரே சோடியைச் சேர்ந்த இருவரிடையே வித்தியாசம் ஒப்பீட்டளவில் குறைவு. ஒரே அளவு உண்டும் ஒருத்தி மெலிந்தும் மற்றவள் பருத்தும் இருப்பது இதனாலேதான்.

அப்படியானால் எல்லாம் விதிக்கப்பட்டதா? பீமா எனும் செவ்விந்திய இனத்தவரைப் பாருங்கள். ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மறுபகுதியினர் மெக்ஸிகோவின் மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். மெக்ஸிகோவில் உள்ளோர் வயலில் உழைத்து, சோளமும் அவரையும் உண்பவர்கள். 2006 இல் வெளியான ஆய்வில் அரிசோனாப் பீமாக்களிடம் நீரிழிவு 38 வீதம். மெக்ஸிகோவில் ஏறத்தாழ 7 வீதம். பருமனும் அங்கு மிகக் குறைவு. வேர் ஒன்று, வாழ்க்கை வேறு.

பரம்பரையும் பழக்கமும் சந்திக்கும் இடத்தையும் விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். எப்.ரீ.ஓ. எனும் பரம்பரையலகின் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அதனைப் பெறாதவர்களை விடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் நிறையுடையவர்கள் என 2007 இல் அறியப்பட்டது. அது பசியைக் கூட்டுகிறது. எனினும், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை ஆராய்ந்தபோது, உடலை அசைத்து வாழ்பவர்களிடம் அதன் தாக்கம் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

அன்பின் சகோதரிகளே, பருவ வயதில் பெண்ணுடலில் கொழுப்புச் சற்றுக் கூடுவது இயற்கை. அதற்காகக் காலை உணவைத் தவிர்த்துப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், இரத்தச்சோகையும் வரலாம். உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெற்றோரே, மகனுக்கு மைதானம் இருக்கிறது. மகளுக்கோ பாடசாலை விட்டால் ரியூஷன், அது விட்டால் கதிரை. பஜ்ர் தொழுகைக்குப் பின் உம்மாவும் மகளும் சேர்ந்து நடக்கலாம்; வளவுக்குள் கயிறடிக்கலாம், பூப்பந்து ஆடலாம். சோற்றைச் சற்றுக் குறைத்து மரக்கறியையும் மீனையும் கூட்டலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உணவால் நிரப்பாதிருக்க நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள்.

உடல்வாகு நாம் தேர்ந்தெடுத்ததல்ல. அதற்காக யாரையும் பழிக்க வேண்டாம். ஆனால் அந்த உடல் ஓர் அமானிதம். அதைப் பேணும் பொறுப்பு நம்முடையது.