மரமும் தச்சன் மனமும்

பலகையிலே பிளவு கண்டால் தச்சர் பலர் அப்பகுதியை அறுத்து ஒதுக்குவர். அன்றேல் மரத்தூளும் பசையும் இட்டு மறைப்பர். ஒதுக்காமலும் மறைக்காமலும் அப்பிளவையே தம் வேலைப்பாட்டிற்கு அணியாக்கியவர் ஒருவர் உளர். அவரே அமெரிக்கத் தச்சுக் கலைஞர் ஜோர்ஜ் நக்காஷிமா.

1905ஆம் ஆண்டு, வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த இவர், பயின்றது கட்டடக் கலை. தோக்கியோவில் அன்ரொனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரிடம் பணியாற்றினார். புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்துக்கு ரேமண்ட் வரைந்த விடுதியைக் கட்டுவிக்க 1937இல் அங்கு சென்றார். சென்றவர் ஊதியத்தைத் துறந்து ஆச்சிரமவாசியானார். சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றார். செய்யும் தொழிலே தவமாகலாம் என்பதை அவர் உணர்ந்தது அங்கேதான்.

1940இல் அமெரிக்கா திரும்பியவர் சியாற்றில் நகரில் தளபாடங்கள் செய்யத் தொடங்கினார். ஆயின், அடுத்த ஆண்டின் இறுதியில் யப்பானுடன் போர் மூண்டது. 1942இல் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வழியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. ஏறத்தாழ 1,20,000 பேர் அவ்வாறு அடைபட்டனர். அவருட் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். நக்காஷிமா, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடகோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

பட்டறையை இழந்தவருக்கு அம்முகாமிலே ஓர் ஆசான் வாய்த்தார். கென்ரரோ ஹிக்கொகாவா என்னும் அவர், யப்பானிய மரபுத் தச்சிற் கைதேர்ந்தவர். எஞ்சிய துண்டுப் பலகைகளையும் பாலைநிலத்துப் புதர்க் கட்டைகளையும் கொண்டு இருவரும் வேலை செய்தனர். கைக்கருவிகளை ஆளும் நுட்பத்தையும் அதனினும் அரிய பொறுமையையும் நக்காஷிமா அவரிடம் கற்றார். 1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்னும் ஊரிற் குடியேறினார்.

அங்கே அவர் அமைத்த மேசைகளின் ஓரம் நேர்கோடாக இராது. மரத்தின் இயற்கை வளைவே ஓரமாக நிற்கும். வெட்டிய பின்னும் மரம் ஈரத்தை ஏற்று விரியும், உலர்ந்து சுருங்கும். ஆதலின் பிளவு நீளக்கூடும். அதனைத் தடுக்க, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற ஒரு கட்டையைச் செதுக்கி, பிளவுக்குக் குறுக்கே பலகையிற் பதித்தார். இடை ஒடுங்கி இருபுறமும் அகன்ற அக்கட்டை, பிளவின் இரு கரைகளையும் விலகாது பற்றிக்கொள்ளும். அது கண்ணுக்குத் தெரியவே பதிக்கப்பட்டது. காயம் பட்டமையும் கட்டுண்டமையும் ஒருங்கே தோன்றும். பொய் அங்கே இல்லை.

நக்காஷிமா இயந்திரத்தை வெறுத்தவரல்லர். கடும் வேலையை அதனிடம் விட்டார். இறுதித் தீர்ப்பைக் கைக்கும் கண்ணுக்கும் உரியதாக வைத்துக்கொண்டார். எந்தப் பலகை எதற்கு உரியது என்பதை எந்த இயந்திரமும் கூறாதன்றோ?

பெருமரம் ஒன்றை அறுத்த பலகைகளால் அவர் ஆக்கிய அமைதிப் பீடம், 1986இல் நியூயோர்க் நகரத்துத் தூய யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1990இல் அவர் மறைந்தார். அவ்வரிசையில் மற்றொரு பீடம், அவர் இளமையில் வாழ்ந்த புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஆரோவிலை 1996இல் அடைந்தது. தம்மைப் பகைவராக எண்ணி அடைத்த நாட்டிலேயே, மனிதர் ஒருங்கு கூடுதற்கு மேசை செய்து கொடுத்தார் அத்தச்சர். மரத்தின் பிளவைப் பிணைத்த கைக்கு அதுவே இயல்பான தொழில்.